விசைப்பலகையும் வேலையின் வேகமும்

மண்வெட்டியாயினும் தறியாயினும் தட்டச்சுப் பொறியாயினும், ஒரு கருவியின் முழுப் பயனும் அதைக் கையாளும் முறையை அறிந்தவருக்கே கிட்டுகிறது. கணிப்பொறியும் இவ்விதிக்கு விலக்கன்று. இன்று கள ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கணிப்பொறி அன்றாடக் கருவியாகிவிட்டது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அத்திட்டத்தில் ஒவ்வொரு மண் மாதிரிக்கும் கார அமில நிலை, மின் கடத்துந்திறன், அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலாக 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன. 100 மாதிரிகளுக்கு 1,200 எண்கள் ஆகின்றன. 40 மாணவர் கொண்ட வகுப்பில் ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைப் பதியும் ஆசிரியர் ஒவ்வொரு தேர்விலும் 200 எண்களைப் பதிய வேண்டியுள்ளது.

இவ்வளவு எண்களையும் பதிகையில், அடுத்த கட்டத்திற்குச் செல்லும்போதெல்லாம் கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குச் சென்று மீளுமானால், வேலையின் பெரும்பகுதி கையின் பயணமாகவே முடிந்துவிடும். இப்பயணத்தைத் தவிர்ப்பதற்கென அமைந்தவையே குறுக்கு விசைகள். இரண்டு அல்லது மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, கணிப்பொறிக்கு ஓர் ஆணையை நேரே பிறப்பிக்கும் முறை இது. விசைப்பலகையின் கீழ்வரிசை ஓரங்களில் காணப்படும் கண்ட்ரோல், ஆல்ட் என்னும் விசைகள் தாமாக எந்த எழுத்தையும் பதிப்பதில்லை. தம்முடன் அழுத்தப்படும் எழுத்தை ஆணையாக மாற்றுவதே அவற்றின் தொழிலாகும்.

முன்னோர் வகுத்த வழி

மவுஸைக் கண்டறிந்தவரே அதை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்கப் பொறியியலறிஞர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற மாநாடொன்றில், சுமார் 90 நிமிட நேரம் தம் கணிப்பொறி முறையைச் செய்து காட்டினார். மவுஸ் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது அங்கேதான். அப்போது அவருடைய வலக்கை மவுஸின் மேலிருக்க, இடக்கை ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையின் மேல் இருந்தது. ஒரு கை இடத்தைச் சுட்டுவது, மறு கை ஆணையிடுவது என்பதே அவர் வகுத்த ஏற்பாடு.

எழுதியதை வெட்டி வேறிடத்தில் ஒட்டுதல், நகலெடுத்தல் ஆகிய செயல்களை எளிய முறையில் அமைத்தவர்களில் லாரி டெஸ்லர் குறிப்பிடத்தக்கவர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் நடுப்பகுதியில் டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ‘ஜிப்ஸி’ என்னும் எழுத்துத் தொகுப்பு முறையை அவர் உருவாக்கினார். பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் 1984இல் வெளியிட்ட மாக்கின்டாஷ் கணிப்பொறியில் செய்ததை நீக்குதல், வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகிய நான்கும் முறையே இசட், எக்ஸ், சி, வி என்னும் விசைகளில் அமைந்தன. விசைப்பலகையின் இடப்புறக் கீழ்வரிசையில் இந்நான்கும் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். வலக்கை மவுஸிலிருக்க, இடக்கை விரல்கள் இடம் பெயராமலே இவற்றை எட்டுகின்றன. இதே நான்கு விசைகள் இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் வழங்குகின்றன. ஆப்பிள் கணிப்பொறியில் மட்டும் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் என்னும் விசையை அழுத்த வேண்டும்.

நொடிகளின் கணக்கு

குறுக்கு விசையால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை ஊகத்தால் அன்றிக் கணக்காலும் அறியலாம். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூன்று அறிஞர்கள், கணிப்பொறி முன் அமர்ந்த மனிதனின் அசைவுகளை அளந்து 1980இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். அதன்படி, நன்கு பழகிய தட்டச்சாளர் ஒரு விசையை அழுத்த 0.2 நொடி ஆகிறது. மவுஸைக் கொண்டு திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 நொடி ஆகிறது. கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கு மாற 0.4 நொடி ஆகிறது. அடுத்துச் செய்ய வேண்டியதை மனத்தில் ஆயத்தம் செய்துகொள்ள 1.35 நொடி ஆகிறது.

குறித்து வைத்த ஒரு வரியை மெனு வழியாக நகலெடுப்பதாகக் கொள்வோம். கை மவுஸுக்குச் செல்ல 0.4; மெனுவைச் சுட்ட 1.1; அழுத்த 0.2, மெனுவில் ஆணையைச் சுட்ட 1.1; அழுத்த 0.2, கை மீண்டு வர 0.4. ஆக 3.4 நொடிகள். கண்ட்ரோலையும் சி விசையையும் அழுத்துவோர்க்கு 0.4 நொடியே போதுமானது. மிச்சம் 3 நொடிகள். ஒரு நாளில் 300 முறை இத்தகைய ஆணைகளை இடுவோர்க்கு 15 நிமிடமும், மாதத்தில் 20 நாள் வேலை செய்வோர்க்கு 5 மணி நேரமும் மிச்சமாகும்.

ஆயினும் இக்கணக்கிற்கு மறுபுறமும் உண்டு. விசைப்பலகையே பழகாதவர் ஒரு விசையைத் தேடி அழுத்த 1.2 நொடி ஆகும் என்று அதே அறிஞர்கள் குறித்துள்ளனர். அத்தகையவர் இரு விசைகளை அழுத்த 2.4 நொடியும், ‘எந்த விசை?’ என்று எண்ணிப் பார்க்க 1.35 நொடியும் ஆகுமெனின், கூட்டுத்தொகை 3.75 நொடிகள். தயக்கமின்றி மெனுவைத் திறப்பவரை விட இவர் பின்தங்கிவிடுகிறார். எனவே குறுக்கு விசையின் பயன், அதைப் பற்றிய அறிவில் இல்லை. விரலின் பழக்கத்தில் இருக்கிறது. நூறு விசைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைப்பதால் வேகம் வருவதில்லை. பத்து விசைகள் எண்ணாமலே விரலுக்கு வருமாயின் வேகம் தானே வரும்.

அனுபவம் மட்டும் போதுமா?

பல ஆண்டுகள் வேலை செய்தால் இப்பழக்கம் தானாகவே வந்துவிடும் என்று கருதுவோர் உளர். டேவிட் லேன் முதலிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் நல்ல அனுபவமுள்ள 251 பேரிடம், அடிக்கடி இடும் ஆணைகளை அவர்கள் எவ்வாறு இடுகின்றனர் என்று வினவப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் குறுக்கு விசைகளை அரிதாகவே உபயோகித்தனர். திரையின் மேற்புறத்துப் படக்குறிகளை மவுஸால் அழுத்துவதையே விரும்பினர். முதல் நாள் கற்ற வழியிலேயே வேலை நடந்து விடுவதால், வேறு வழியைத் தேடும் தேவை ஒருவருக்குத் தோன்றுவதில்லை. ஆகவே இதனைக் கற்பிப்போர் இருந்தாலன்றிக் கற்போர் இரார் எனலாம். ஆசிரியர்களுக்கும், ஊழியர்களைப் பழக்கும் மேலாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

முதலில் பழக வேண்டியவை

முதலாவது, கண்ட்ரோல் – எஸ். செய்த வேலையைச் சேமிக்கும் ஆணை இது. மின்சாரம் எந்நேரமும் தடைப்படக்கூடிய ஊர்களில், சேமிக்காத ஒரு மணி நேர வேலை ஒரு கணத்தில் மறைந்துவிடும். ஒரு பத்தியோ ஒரு வரிசையோ முடிந்தவுடன் இதை அழுத்துவது, கதவைச் சாத்தித் தாழிடுவது போன்ற பழக்கமாக வேண்டும்.

இரண்டாவது, கண்ட்ரோல் – இசட். இறுதியாகச் செய்ததை இது நீக்கி முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரும். ‘ஏதாவது அழிந்துவிடுமோ’ என்ற அச்சமே புதியவர்களைக் கணிப்பொறியிலிருந்து விலக்கி வைக்கிறது. பிழையைத் திருத்த வழி உண்டு என்று அறிந்த பின் அவ்வச்சம் குறைகிறது. நீக்கியதை மீண்டும் வேண்டின் கண்ட்ரோல் – ஒய் உதவும்.

அடுத்து, கண்ட்ரோலுடன் எக்ஸ், சி, வி ஆகியவை வெட்டவும், நகலெடுக்கவும், ஒட்டவும் பயன்படும். கண்ட்ரோல் – எஃப், நீண்ட பட்டியலில் ஒரு பெயரையோ எண்ணையோ தேடித் தரும். ஆல்ட் – டேப், திறந்திருக்கும் இரு வேலைகளுக்கிடையே மாற உதவும். விண்டோஸ் – எல், நாற்காலியை விட்டு எழுமுன் கணிப்பொறியைப் பூட்டும். மாணவர் விவரங்களும் பயனாளிகளின் விவரங்களும் திரையில் இருக்கையில் இதைப் புறக்கணித்தலாகாது.

தமிழில் பதிவோர்க்கு மற்றொன்றும் தேவை. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் தமிழ், ஆங்கில விசைப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் முறையில் எழுதுவோர்க்கும், தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 முறையில் எழுதுவோர்க்கும் இது பொருந்தும்.

எண்களைப் பதிகையில்

எக்செல் போன்ற அட்டவணையில் எண்ணை எழுதியபின் டேப் விசையை அழுத்தினால் வலப்புறக் கட்டத்திற்குச் செல்லலாம். வரிசை முடிந்ததும் என்டர் விசையை அழுத்தினால், தொடங்கிய நிரலின் அடுத்த வரிசைக்கே குறி சென்று நிற்கும். மண் மாதிரி ஒன்றின் 12 அளவுகளையும் டேப் விசையால் எழுதி, 12ஆவதன்பின் என்டர் அழுத்துவோர் மவுஸைத் தொடவே வேண்டியதில்லை. கண்ணும் கைப்பிரதியை விட்டு அகலுவதில்லை. அதனால் எண் மாறிப் பதியும் பிழையும் குறைகிறது. கண்ட்ரோல் – டி, மேற்கட்டத்தில் உள்ளதைக் கீழ்க்கட்டத்தில் நிரப்பும். ஒரே கிராமத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கண்ட்ரோலுடன் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் அன்றைய தேதி பதியும். இணையப் படிவங்களிலும் டேப் அடுத்த கட்டத்திற்கும், ஷிஃப்ட் – டேப் முந்தைய கட்டத்திற்கும் கொண்டு செல்லும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

இணையப் படிவத்தில் கண்ட்ரோல் – எஸ் அழுத்தினால் பதிந்த விவரம் அலுவலகத்தைச் சேர்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அந்த ஆணை அப்பக்கத்தின் பிரதியொன்றை நம் கணிப்பொறியில் வைக்குமேயன்றி, விவரத்தை அனுப்பாது. படிவத்திலேயே உள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்தியே தீர வேண்டும். சில படிவங்களில் என்டர் விசையை அழுத்தினால் அரைகுறையாக நிரப்பிய படிவம் அனுப்பப்பட்டுவிடக்கூடும். அங்கெல்லாம் டேப் விசையே பாதுகாப்பானது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி, கணிப்பொறியை மீண்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ஆணைக்குக் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் மூன்று விசைகளைத் தேர்ந்தார். அக்கணிப்பொறியின் விசைப்பலகையில் இரு கைகளையும் கொண்டன்றி அவற்றை ஒருசேர அழுத்த இயலவில்லை. கை தவறி அழுத்தி வேலையை இழத்தல் கூடாது என்பதே நோக்கம். எல்லா ஆணைகளும் இவ்வளவு எச்சரிக்கையுடன் அமையவில்லை. எஸ் விசையின் மேலேயே உள்ள டபிள்யூ விசை கண்ட்ரோலுடன் சேர்ந்தால் திறந்திருக்கும் பக்கத்தை மூடிவிடும். கண்ட்ரோல் – ஏ அனைத்தையும் குறித்துவிடுவதால், அதன்பின் தவறி அழுத்தும் ஓரெழுத்து முழுக் கட்டுரையையும் மறைத்துவிடும். அப்போது பதறாமல் கண்ட்ரோல் – இசட் அழுத்தினால் இழந்தது மீளும்.

பார்வையற்றோர்க்கு ஒரே வழி

பார்வையுள்ளோர்க்குக் குறுக்கு விசைகள் நேரத்தை மிச்சப்படுத்தும் வசதியே. பார்வையற்றோர்க்கு அவையே கணிப்பொறியின் வாயில். திரையில் நகரும் மவுஸின் அம்புக்குறியைக் காண இயலாதவர், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளின் துணையுடன் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்கிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இவ்வகையினது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் எச் விசையை அழுத்தினால் இணையப் பக்கத்தின் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். பார்வையற்ற மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியர் குறுக்கு விசைகளை வாயால் சொல்லிக் கற்பிப்பாராயின், ‘இங்கே அழுத்து, அங்கே அழுத்து’ என்று திரையைச் சுட்டாமல், எல்லா மாணவர்க்கும் ஒரே பாடத்தை நடத்த இயலும்.

கற்பிக்கும் முறை

ஆங்கிலம் அறிந்தோர் இவ்விசைகளில் சிலவற்றை அந்தந்தச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு நினைவில் வைக்கின்றனர். தமிழ்வழி பயிலும் மாணவர்க்கு அது உதவுவதில்லை. அவர்களுக்கு இடத்தைக் கொண்டு கற்பித்தலே நலம். இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கையும் இடமிருந்து வலமாக ‘நீக்கு, வெட்டு, நகல், ஒட்டு’ என்று சொல்லிக்கொண்டே அழுத்தச் செய்தால் சில நாட்களில் விரல் பழகிவிடும். ஒரே கையின் சிறு விரலை எப்போதும் கண்ட்ரோலின் மேல் முறுக்கி வைப்பதால் வலி உண்டாகலாம். மவுஸ் கையில் இல்லாதபோது வலப்புறக் கண்ட்ரோல் விசையை வலக்கையாலும், எழுத்தை இடக்கையாலும் அழுத்தப் பழகுவது நன்று.

வாரத்திற்கு ஓர் ஆணைக்கு மேல் கற்க முற்படலாகாது. அன்றாட வேலையில் மிகுதியாகத் திரும்ப வருவது எது என்று முதலில் கவனித்து, அதற்குரிய விசையை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். விசை தெரியாவிடில் மெனுவைத் திறந்து பார்க்கலாம். பல மென்பொருள்களில் ஆணையின் எதிரே அதன் குறுக்கு விசையும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வாரம் முழுவதும் அவ்வொரு செயலுக்கு மவுஸைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாட்கள் வேலை சற்றுத் தாமதமாகும். மேலே கண்ட கணக்கின்படி அது இயல்பே. தாளைப் பாராமலே விரல் செல்லும் நாளில் அத்தாளைக் கிழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம்.

இவ்வாறு பத்து வாரங்களில் பத்து விசைகள் கைவசமாகும். அவற்றால் மிச்சமாகும் மணி நேரங்கள் கள ஊழியருக்கு வயலிலும் ஆசிரியருக்கு வகுப்பிலும் செலவிடக் கிடைக்கும்.