நம் மாகாணத்தின் பெயரில் ஒரு விமானப் படை!

இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படையணி ஒன்றுக்கு '35-ஆம் சென்னை மாகாணப் படையணி' என்று பெயர். போர்ச் செலவுக்குச் சென்னை மாகாணம் நிதி தந்ததால் வந்த பெயர் இது. நம் சீர்காழியும் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

ஹாலிபாக்ஸ் என்ற நான்கு எஞ்சின் விமானத்தை முதலில் பெற்றது இந்தப் படையணிதான். 1941 மார்ச்சில் முதல் தாக்குதலை முடித்துத் திரும்பியபோது, அதில் ஒன்றை எதிரி விமானம் என்று நினைத்து இங்கிலாந்து விமானமே சுட்டு வீழ்த்திவிட்டது!

வீரர்கள் பொதுவாக 30 முறை பறந்தால் ஓய்வு. ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 4 விமானம் திரும்பவில்லை என்றால், 30 முறைக்குப் பின் 100 விமானத்தில் எத்தனை மிஞ்சும்? சுமார் 29 தான்! இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படைகளில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள்.

நேற்றுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் இன்று இல்லை என்றால் மனம் தளராதா? சிலர் சின்னப் பொம்மையைத் தாயத்துபோல் எடுத்துச் சென்றார்கள். ஒரே விமானத்தில் பறந்த 7 பேரும் அண்ணன் தம்பிபோல் பழகினார்கள். கூட்டாளியைக் கைவிடக் கூடாது என்ற எண்ணமே பலரை மீண்டும் விமானம் ஏற வைத்தது.

"இனி முடியாது" என்றவர்களுக்கோ 'நெஞ்சுரம் இல்லாதவர்' என்று முத்திரை குத்தினார்கள். பலமுறை பறந்து களைத்தவர்களும் அந்த அவமானத்துக்குத் தப்பவில்லை. அவர்கள் வீசிய குண்டுகளால் கீழே உங்களைப் போன்ற குழந்தைகளும் இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பயம் கோழைத்தனம் அல்ல. அதுவும் மனதுக்குப் பட்ட காயம்தான். வகுப்பில் யாராவது "பயமாக இருக்கிறது" என்றால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.