உங்களுக்குத் தெரியுமா? கிராமி விருதுகள்

அமெரிக்காவின் ஒலிப்பதிவுக் கலைஞர்கள் அமைப்பு வழங்கும் கிராமி விருது, பழைய கிராமஃபோனின் உருவம் கொண்டது. முதல் விழா 1959 மே 4 அன்று நடந்தது. அமெரிக்க விருதுதான், ஆனாலும் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு இரண்டையும் அன்று தட்டிச் சென்றது டொமெனிகோ மொடுன்யோவின் இத்தாலியப் பாட்டு.

மைக்கேல் ஜாக்சன் 1984இல் ஒரே இரவில் 8 விருதுகள் பெற்றார். 2000இல் கார்லோஸ் சந்தானா அதைச் சமன் செய்தார். மொத்த எண்ணிக்கையில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தவர் பாப் பாடகர் அல்லர். 31 விருதுகள் பெற்ற சிம்பொனி நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டி. 2023இல் பியான்சே அவரை முந்தினார். வியப்பு என்னவென்றால், ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது மட்டும் பியான்சேவுக்கு 2025 வரை எட்டவில்லை.

கொடுத்த விருது பறிபோனதும் உண்டு. 1990இல் சிறந்த புதுமுகமாகத் தேர்வான மில்லி வனில்லி இரட்டையர், ஆல்பத்தில் பாடியதே இல்லை. வேறு சிலரின் குரலுக்கு வாயசைத்தவர்கள். அதே ஆண்டு விருது திரும்பப் பெறப்பட்டது.

தமிழர்களில் ஏ.ஆர். ரஹ்மான் 2010இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இரண்டு விருதுகள் பெற்றதைப் பலரும் அறிவர். அதற்கும் முன்பே, அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பம் உலக இசைக்கான விருதை வென்றபோது, அதில் கடம் வாசித்திருந்தவர் விக்கு விநாயக்ராம். அவர் மகன் செல்வகணேஷ் 2024இல் 'சக்தி' இசைக்குழுவினரோடு கிராமி பெற்றார்.