அப்பாவுக்கு எந்தக் கார்?

தைப்பிங்கில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு 71 வயது. மருத்துவமனைக்குப் போகும் வழியில், கொட்டும் மழையில் பழைய கார் நின்றுவிட்டது. "இனி நீங்க ஓட்ட வேணாம்ப்பா" என்றேன். "அப்ப மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நீ வந்து கூட்டிட்டுப் போவியா?" கோலாலம்பூரில் காலை நிகழ்ச்சி படைக்கும் என்னிடம் பதில் இல்லை.

மின்சாரக் கார் என் ஆசை. அவருக்கோ தெருமுனைப் பட்டறைக்காரர் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வண்டிதான் வேண்டும். நியாயம்தான். பெட்ரோல் என்று முடிவானது.

முட்டிவலிக்காரர் என்பதால் முதலில் பார்த்தது இருக்கை உயரம். பெசாவின் பூட் 508 லிட்டர், தாராளம். ஆனால் உள்ளே உட்காரக் குனிந்தார். மைவியில் சிரமமில்லை. நான்கு முறை ஏறி இறங்கச் சொன்னேன், முறைத்தார்.

பயன்படுத்திய மைவி தேடுகிறவர்கள் ரகத்தைக் கவனியுங்கள். 2017 இறுதியில் மூன்றாம் தலைமுறை அறிமுகமானபோது 1.5 ஏவி ரகத்துக்கு மட்டுமே 'ஏஎஸ்ஏ' பாதுகாப்பு வசதி இருந்தது. முன்னால் சுவரோ வாகனமோ இருக்க, பிரேக் என்று நினைத்து எண்ணெய் பெடலை அழுத்திவிட்டால் இயந்திரத்தின் வேகத்தை அது அடக்கும். வயதானவர்களுக்கு ஸ்போர்ட் ரிம்மைவிட இதுதான் தேவை. எல்லா நேரமும் காப்பாற்றும் என்று நம்பிவிடவும் கூடாது.

அதனால் கண் பரிசோதனைக்கும் கூட்டிப்போனேன். வலது கண்ணில் புரை. அறுவை சிகிச்சை முடியும்வரை மைவி போர்ச்சில்தான் நிற்கிறது. அப்பா தினமும் துடைத்து வைக்கிறார்.