கூவாகத்தில் கேமராவோடு நிற்பவருக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு வரும் திருநங்கையர் மகாபாரதத்து அரவானைக் கணவனாக நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலி. பூசாரி தாலியை அறுப்பார், வளையலை உடைப்பார், ஒப்பாரி எழும். அந்த நேரத்தில் அழுகிற ஒரு முகத்தைச் சுற்றி ஏழெட்டு கேமராக்கள் நிற்கும், உடைந்த வளையல்மேல் கால் படுகிற அளவு நெருக்கத்தில்.

"பொது இடம்தானே, யாரைக் கேட்கணும்?" என்பார்கள். பொது இடத்தில் இருப்பவரைப் படமெடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் பொதுவான தடை இல்லை என்பது உண்மைதான். குளிக்கிற, உடைமாற்றுகிற பெண்ணை அவர் அந்தரங்கம் குலையப் படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பாயும். அது வேறு விஷயம். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பிலேயே, பொது இடத்துக்கு வந்துவிட்டதால் மட்டும் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்றும் இருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்குக் கூவாகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் அங்கே வருபவர்கள் உண்டு. ஊரில் ஆண் பெயரில் வேலைக்குப் போய்க்கொண்டு, இந்த ஒரு நாள் புடவை கட்டி, பூ வைத்து, தன்னைப் போன்றவர்கள் நடுவே வாய்விட்டு அழ வந்தவர். அவர் முகம் காட்டியது அந்தக் கூட்டத்துக்கு. படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அண்ணன் கைக்குப் போனால் அடி வாங்கப்போவது அவர். எடுத்தவர் எப்போதோ சென்னைக்கு பஸ் ஏறியிருப்பார்.

கேட்பது கஷ்டமே இல்லை. கேமராவைத் தூக்கிக் காட்டித் தலையசைத்தால் போதும். பலர் பூவைச் சரிசெய்துகொண்டு "நல்லா எடு தம்பி" என்று நிமிர்ந்து நிற்பார்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்று தோன்றினால், எடுத்தபின் திரையைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். காவலர் யார்மீதாவது லத்தி ஓங்கும்போது மட்டும் காவலரிடம் அனுமதிக்கு நிற்காதீர்கள். அடிபடுபவரின் முகத்தை வெளியிடுமுன் அவரைக் கேளுங்கள்.

அழுகிறவரிடம் எதையும் கேட்க முடியாது. அப்போது விலகி நின்று கூட்டத்தை எடுக்கலாம், தரையில் சிதறிய வளையல்களை எடுக்கலாம். பிறகு குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஊர் திரும்பக் கிளம்புவார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போகிறவரைப் பின்தொடர வேண்டாம்.