சுவர் போன பிறகும் தெரியும் கோடு

விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 2013இல் மேலிருந்து எடுத்த பெர்லின் இரவுப் படத்தைப் பாருங்கள். கிழக்குப் பாதி மஞ்சள், மேற்குப் பாதி வெள்ளை. சுவர் விழுந்து 24 வருஷம் ஆகியும் கோடு தெரிகிறது. காரணம் ரொம்ப சாதாரணம்: கிழக்கில் சோடியம் தெருவிளக்கு, மேற்கில் வேறு வகை.

சரி, கீழே தெருவில் நிற்பவருக்கு எது அடையாளம் என்று தேட ஆரம்பித்தேன்.

பெயரை நம்பினால் ஏமாந்து போவோம். கார்ல் மார்க்ஸ் பெயரில் கிழக்கிலும் தெரு உண்டு, மேற்கிலும் உண்டு. கிழக்கில் இருப்பது 1961 வரை ஸ்டாலின் பெயரைத் தாங்கியிருந்தது. சிலைகளும் உதவாது. பிரம்மாண்டமான லெனின் சிலையை 1991இல் பெயர்த்தெடுத்து, துண்டுகளை நகரின் ஓரத்தில் உள்ள காட்டில் புதைத்துவிட்டார்கள்.

டிராம் தண்டவாளம் கொஞ்சம் நம்பகமானது. மேற்கு பெர்லின் 1967இல் டிராமை மூடியது, கிழக்கு வைத்துக்கொண்டது. இன்றும் பெரும்பாலான தடங்கள் கிழக்கில்தான்.

எனக்குப் பிடித்தது சிக்னலில் வரும் தொப்பிக்காரர். சுவர் எழுந்த அதே 1961இல், கிழக்கு ஜெர்மனியின் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ் உருவாக்கியவர். இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு இவரையும் கழற்ற ஆரம்பித்தார்கள். ஜனங்கள் விடவில்லை. லெனினுக்காகவும் சிலர் போராடினார்கள், பலிக்கவில்லை, இவருக்குப் பலித்தது. இப்போது மேற்கு பெர்லினிலும் பல இடங்களில் இவர்தான் 'நில்', 'போ' சொல்கிறார்.

ஆக, அந்த ஆட்சியின் மிச்சங்களில் கோட்டைத் தாண்டி மேற்கே போனவற்றில் இவரும் ஒருவர்.