நம் ஊர் ஆலைகளும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிப்பும்

கும்மிடிப்பூண்டி சிப்காட், மிச்செலின் டயர் ஆலை உள்ள தேர்வாய்கண்டிகை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளன. ஆனால் இந்த ஆலைகளை நடத்தக் கற்றுத்தரும் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பற்றி நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

என்ன படிப்பு இது?

மெக்கானிக்கல் இன்ஜினியர் இயந்திரத்தை வடிவமைக்கிறார். இவரோ ஆள், இயந்திரம், மூலப்பொருள், நேரம் ஆகியவற்றை வீணாகாமல் இணைக்கிறார்.

ஓர் உதாரணம். ஒரு பட்டறையில் மணிக்கு 40 பாகங்களை வெட்டலாம், 25 பாகங்களை வெல்டிங் செய்யலாம், 50 பாகங்களுக்கு பெயிண்ட் அடிக்கலாம். அங்கிருந்து வெளியேறுவது மணிக்கு 25 மட்டுமே. முதலாளி புதிதாக வெட்டும் இயந்திரம் வாங்கினாலும் உற்பத்தி கூடாது. வெல்டிங் முன்பு சரக்குதான் குவியும். தொழிலாளியை விரட்டியும் பயனில்லை. வெல்டிங்கில் எங்கே நேரம் போகிறது என்று அளந்து, அங்கே வேலைமுறையை மாற்ற வேண்டும். அந்தக் கணக்குதான் இந்தப் படிப்பு.

புள்ளியியல், தரக் கட்டுப்பாடு, சரக்கு இருப்பு, உற்பத்தித் திட்டமிடல், தொழிலாளியின் உடலுக்கு ஏற்ற வேலையிட அமைப்பு ஆகியவை முக்கியப் பாடங்கள். கணிதத்தில் ஆர்வம் அவசியம். ஆலை மட்டுமல்ல; மருத்துவமனை, துறைமுகம், கிடங்கு என எங்கும் இது பயன்படும்.

எங்கே படிக்கலாம்?

ஐ.ஐ.டி. கரக்பூரில் இதே பெயரில் பி.டெக். உள்ளது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யின் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் நெருங்கிய படிப்பு, இதற்கு ஜே.இ.இ. மெயின் போதும். கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே உள்ளது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்.இ.யில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எடுப்பதும் நல்ல வழி.

கவனிக்க வேண்டியவை

தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட்ஆஃப் கணக்கிடப்படும். பட்டியலில் உள்ள முஸ்லிம் பிரிவினருக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, சிறிய நிறுவனங்களில் 'இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்' என்ற பெயரில் வேலை இருக்காது. உற்பத்தித் திட்டமிடல், தரம், சப்ளை செயின் என்ற பெயர்களில் தேடுங்கள்.

ஆலை நம் வாசலுக்கு வந்தால் மட்டும் போதாது. அதில் ஒப்பந்தக் கூலியாக நுழைவதா, அதைத் திட்டமிடுபவராக நுழைவதா என்பதைப் படிப்பு தீர்மானிக்கிறது. பெற்றோர்களே, விண்ணப்பிக்கும் முன் இந்தப் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.