மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

வேதாரணியத்துக்கு வடக்கே, வங்கக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சில ஆண்டுகள் ஆசிரியனாகப் பணியாற்றினேன். கிழக்கே மீனவர் குடியிருப்பு. மேற்கே புகையிலையும் நிலக்கடலையும் முல்லைப்பூவும் விளையும் மணற்கொல்லைகள். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தார்கள்.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா, கடலுக்கு நூறு தப்படி தள்ளி மணலைக் கையால் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. எங்கள் கொல்லையோ அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே எண்பது அடிக்கு அப்பா குழாய் இறக்கினார். இரண்டாம் கோடையிலேயே உப்புத் தண்ணீர் வந்துவிட்டது. அது ஏன்?”

கடல்நீரின் உப்பை மணல் வடிகட்டிவிடுகிறது என்று நான் விடை கூறினேன். அது பிழை. கலங்கலையும் தூசியையும் மணல் தடுக்குமே ஒழிய, நீரில் கரைந்துவிட்ட உப்பைத் தடுக்காது. ஆழ்குழாய்க்கு மேலேயும் அதே மணல்தானே இருக்கிறது என்று அப்பையன் திருப்பிக் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை. ஒரு வாரம் நூல்களைப் புரட்டிய பிறகே உண்மை விளங்கிற்று. அதனை வகுப்பிலே ஒப்புக்கொண்டேன், உங்களுக்கும் கூறுகிறேன்.

மணலைப் பறித்தால் ஊறுவது கடல்நீரே அன்று, அது மழைநீர். அந்தப் பகுதியின் நில அமைப்பைச் சற்று மனக்கண்ணால் காணுங்கள். கடற்கரைக்கு இணையாக மணல்மேடுகள் வரிசை வரிசையாக உள்நோக்கிச் செல்கின்றன. கடல் சிறிது சிறிதாகப் பின்வாங்கிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது விட்டுச்சென்ற பழைய கரைகள் இவை. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று: கருப்பம்புலம், கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம் என ‘புலம்’ என முடியும் ஊர்கள் பல அங்கே உள. நெல் விளையும் தாழ்நிலத்துக்குக் கோட்டகம் என்று பெயர். தாணிக்கோட்டகம் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மேட்டு மணலில் வெள்ளம் ஓடாது. பெய்த நீர் பெய்த இடத்திலேயே உள்ளிறங்கும். கீழே மணலின் இடைவெளிகளில் முன்னரே கடல்நீர் நிறைந்திருக்கிறது. மழைநீர் அதைவிட இலேசானது. ஒரு லிட்டர் நன்னீர் ஆயிரம் கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் கடல்நீரோ ஏறத்தாழ 1025 கிராம். ஆகவே எண்ணெய் நீர்மேல் நிற்பதுபோல, நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மணலின் இடுக்குகளில் நீர் மெல்லவே நகர்வதால் இரண்டும் எளிதில் கலந்துவிடுவதில்லை.

அந்த 25 கிராம் வேறுபாட்டில்தான் ஊரின் வாழ்வு அடங்கியிருக்கிறது. நாற்பது அடி உயரக் கடல்நீரின் எடையைத் தாங்கி நிற்க நாற்பத்தோரடி உயர நன்னீர் வேண்டும். எனவே நிலத்தடியில் நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இக்கணக்கைக் கண்டனர். இடையே களிமண் படலங்கள் இருந்தால் கணக்குச் சற்றுப் பிசகும். ஆயினும் அடிப்படை அதுவே.

இக்கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலிருந்து நாற்பது அடி நன்னீர் நாளடைவில் பறிபோகும். அந்த இடத்தில் உப்புநீர் ஏறி நிற்கும். அதற்கு முன்னமே வேறொன்றும் நிகழும். ஆழத்தில் குழாயின் வாய் விசையோடு உறிஞ்சும்போது, அதற்கு நேர் கீழே உள்ள உப்புநீர் கூம்புபோல் மேலெழுந்து குழாய்க்குள்ளேயே வந்துவிடும். அப்பையனின் தந்தையாருக்கு நேர்ந்தது இதுவே. மீனவப் பெண் கைப்பள்ளத்திலிருந்து மொள்வதோ மிதக்கும் நீரின் மேலேட்டை.

கொல்லைகளில் முன்னோர் வெட்டிய குட்டைகளின் பொருளும் இதனால் விளங்குகிறது. அவை அகலமானவை, ஆழமற்றவை. பக்கங்களைச் சரிவாக அமைத்து, இரு கைகளிலும் குடத்தோடு இறங்கி மொண்டு, புகையிலைக் கன்று ஒவ்வொன்றின் வேரிலும் ஊற்றுவார்கள். மேலேட்டு நீரை மட்டும் பரவலாக, மெல்ல எடுக்கும் முறை அது. அதற்காக விசைக்குழாய் இறக்கியவரை அறிவிலி என்று ஏசிவிடாதீர்கள். விடியுமுன் தொடங்கிக் குடம் சுமந்து முதுகு வளைந்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். தம் பிள்ளைக்கு அந்தச் சுமை வேண்டாமென ஒரு தந்தை எண்ணுவது இயல்பு.

ஆனால் கொல்லைக்காரர் இறைக்கும் நீரும் கரையோரப் பெண் மொள்ளும் நீரும் ஒன்றே என்பதுதான் சிக்கல். மேற்கே இரவெல்லாம் மோட்டார் ஓடினால், கிழக்கே ஊற்று கரிக்கிறது. கட்டடத்துக்கென மேட்டு மணலை வண்டி வண்டியாக அள்ளிச்சென்றால், மழைநீரைத் தாங்கும் களஞ்சியமே தாழ்ந்துபோகிறது. அந்நட்டம் இரு சாராரையும் தாக்குகிறது. கோடியக்கரையில் மழைக்காலம் தொட்டுச் சில மாதங்கள் பிறவூர் மீனவர்கள் வந்து குடிலமைத்துத் தொழில் செய்வார்கள். அவர்களுக்கும் குடிநீர் வேண்டும்.

உப்பும் அந்த மண்ணின் செல்வம்தான் என்பதை மறுக்கவில்லை. வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி உப்பு அள்ளிச் சிறை சென்றார். இன்றும் அங்கே உப்பளங்கள் உண்டு. அவை இருப்பது தாழ்ந்த களிநிலம். மேட்டுக்கு நன்னீர், பள்ளத்துக்கு உப்பு எனச் சில கிலோமீட்டருக்குள் இயற்கை பங்கிட்டு வைத்திருக்கிறது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளில் மேலிருந்தே உப்பைக் கொட்டிற்று. அது மழையால் மெல்ல மெல்லக் கழுவப்பட்டது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னையையும் மாவையும் சவுக்கையும் வேரோடு சாய்த்தது. புதிய கன்றுகளை வளர்த்தெடுக்க மறுபடியும் அந்த நீரையே நாட வேண்டியிருந்தது.

வகுப்பில் இதையெல்லாம் விளக்கிய மாலையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனேன். ஒரு மூதாட்டி ஊற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். தை மாதத்தில் முழங்கை ஆழத்தில் நீர் வந்த இடம் சித்திரையில் கரிக்கும் என்றும், அப்போது மேட்டுப்பக்கமாக நாலடி தள்ளிப் பறித்துக்கொள்வதாகவும் கூறினார். கேள்வி கேட்ட பையன் கை குவித்து அந்நீரைக் குடித்துப் பார்த்தான். பின்னர் எவ்வளவு ஆழத்தில் ஊறுகிறது என்று தன் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டான்.